ராஜாவின் முழம்

கடலுக்குக் காதும் மீனுக்கு வாயும் இருந்த அந்தக் காலத்திலே, வெண்சங்கபுரி என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் மகரகேது ராஜா. நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் தூண்டில் பைத்தியம்! வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிக்கிறவர்கள் வேறே. இவருக்கு அது விளையாட்டு. ராஜா எப்படியோ மந்திரிகளும் அப்படியே. பொழுது விடிந்தால் ஆளுக்கொரு தூண்டிலோடு துறையில் வந்து நிற்பார்கள்.

அந்த விளையாட்டுக்கு மூன்று கட்டுப்பாடு உண்டு. முன்னோர்கள் கடலுக்குக் கொடுத்த வாக்கு அது. ஒரு தூண்டிலுக்கு ஒரு நாளைக்கு மூன்றே மீன். ராஜாவின் வலக்கை முழத்துக்குக் குட்டையான மீனைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். சித்திரையும் வைகாசியும் மீன் சினை பிடிக்கிற மாதங்கள், அப்போது தூண்டிலைத் தொடவே கூடாது.

பிடித்தவனே அளந்தால் சுண்டுவிரல் மீனும் சுறாவாகத்தானே தெரியும்? அதனால் அளக்கிற வேலை ராணி வேம்பரசிக்கு. தினமும் காலையில் ராஜாவின் முழங்கையிலிருந்து நடுவிரல் வரைக்கும் ஒரு கயிற்றை அளந்து வெட்டிக்கொண்டு துறைக்கு வருவாள்.

ஒரு சித்திரை மாதம். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த ராஜாவுக்குக் கை துறுதுறுத்தது. "ஒண்ணே ஒண்ணு, யாருக்குத் தெரியப்போகுது?" என்று தூண்டிலைப் போட்டார். மாட்டியது ஒரு கொடுவா. வயிறு நிறையச் சினை.

"ராஜா, என் வயித்திலே ஆயிரம் பிள்ளைங்க இருக்கு. விட்டுடுங்க" என்று அழுதது மீன்.

"அடுத்த தடவை பார்க்கலாம்" என்று கூடைக்குள் போட்டார் ராஜா.

"வாக்கைக் குறைச்சே இல்லே? உன் கையும் குறையட்டும்! இனி தப்பான மீன் கரையேற ஏற, உன் கை தேயட்டும்!" என்று சொல்லிவிட்டுக் கொடுவா கண்ணை மூடியது.

மறுநாள் ராணி முழம் போட்டாள். அம்மாடி! முந்தின நாள் கயிற்றைவிட ஒரு விரற்கடை குறைவு. திரும்பப் போட்டாள். அதே குறைவு.

"என்னங்க இது! கை தேஞ்சு போயிருக்கு!" என்று அலறினாள்.

ராஜா கதையைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஒரு விரற்கடை போனதிலே என்ன குடி முழுகிப் போச்சு?"

மந்திரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கை தட்டினார்கள்! "மகாராஜா கை குறைஞ்சா முழம் குறையும். முழம் குறைஞ்சா குட்டி மீனும் நமக்குத்தான்! ஒரு தடவை போட்டாச்சு, இனி சித்திரை என்ன, வைகாசி என்ன?" என்று தூண்டிலோடு பாய்ந்தார்கள். மூன்று மீன் கணக்கும் காற்றில் போயிற்று. அடப்பாவிகளா, தேய்கிறது ஒரு மனுஷனுடைய கை ஐயா!

அடுத்த நாள் ராணி முழம் போட்டாள். பாதிக் கைதான் இருந்தது.

மூன்றாம் நாள் முழம் போடக் கயிறே வேண்டியிருக்கவில்லை. ராஜாவின் முழங்கையிலேயே ஐந்து விரலும் முளைத்து நின்றன! ராஜா சோற்றை அள்ளினார், வாய்க்கு எட்டவில்லை. அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு செத்தது.

"வேம்பு, என் கை... என் கை எங்கே?"

வெளியே மந்திரிகள் கூத்தாடினார்கள். "இனி நெத்திலியைக்கூட விட வேண்டாம்!"

ராணி கடலுக்கு ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினாள். "என் புருஷன் கையைக் கொடு!"

வீட்டளவு பெரிய களவா மீன் ஒன்று எழுந்து வந்தது. "தன் கையே முழமா இருக்கிற வரைக்கும் அவர் தேய்ச்சுக்கிட்டேதான் இருப்பார். வேறொருத்தர் முழத்துக்குக் கை கொடுக்கணும். ஆனி முதல் நாள் தூண்டில் போடும்போது ராஜா அந்த முழத்தை மதிச்சா, அவர் கை திரும்பும். மீறினா கை கொடுத்தவங்க கையும் போயிடும். அவர் கை திரும்பும்கிறதை மட்டும் அவர்கிட்டே சொல்லிடாதே."

ராணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இந்தா, என் கை!" என்று தண்ணீரில் முக்கினாள்.

அவள் வந்து சொன்னதும் ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடி பைத்தியக்காரி! நான் மீறினா உன் கை போகுமா? என்ன காரியம் பண்ணிட்டே!" அன்றைக்கே இடக்கையால் ஊர்த் தூண்டிலையெல்லாம் பிடுங்கி அறையில் போட்டுப் பூட்டினார். வைகாசி முடியும் வரை திறக்கவில்லை.

ஆனி பிறந்தது. ராணி தன் கையில் முழம் போட்டுக் கயிறு வெட்டி வந்தாள். ராஜா இடக்கையால் தூண்டில் போட்டார். காலையிலிருந்து ஒன்றும் கடிக்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் விசுக்கென்று இழுத்தது. பளபளவென்று ஒரு விளைமீன்! ராஜா குழந்தை மாதிரிக் குதித்தார்.

ராணி கயிற்றை வைத்தாள். நகக்கண் அளவு குட்டை.

"நகக்கண் அளவுதானே மகாராஜா!" என்றார்கள் மந்திரிகள். "கயித்தைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிச்சா சரியாயிடும்!"

ராஜா மீனைப் பார்த்தார். ஒன்றரை மாதம் காத்துக் கிடந்த ஆசை. பிறகு கயிறு பிடித்த ராணியின் கையைப் பார்த்தார்.

"ஐயோ, வேண்டாம்!" என்று கத்தி மீனைக் கடலில் வீசினார் ராஜா.

உடனே படீரென்று ஒரு சத்தம். துறையே கிடுகிடுத்தது. மந்திரிகள் குப்புற விழுந்து வாயைப் பிளந்தார்கள்.

ராஜாவுக்கு அது எதுவும் தெரியவில்லை. பாய்ந்து போய் ராணியின் கையைப் பிடித்தார். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தடவித் தடவிப் பார்த்தார். "குறையலையே? உன் கை குறையலையே, வேம்பு? நான் ஒரு கணம் யோசிச்சேன், அதுக்கே குறைஞ்சிருக்குமோ?"

ராணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"என் கை இருக்கட்டும்" என்றாள். "ரெண்டு கையாலே இப்படியா நசுக்குவீங்க? வலிக்குது, விடுங்க!"