சந்தனம் வச்ச புட்டி

ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல முப்பது வருசமா அட்டெண்டர். அவரு கழுவின கண்ணாடியில மூஞ்சி பாத்துத் தலை சீவலாம். ரிட்டையராக மூணே மாசம். கெட்ட பேரில்லாம வீடு போய்ச் சேரணும், அது ஒண்ணுதான் அவரு வேண்டுதல்.

அங்க மரகதவல்லின்னு ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணுச்சு. ரெண்டு வருசம் பாடுபட்டு ஸ்டில்பீன்னு ஒரு சரக்க எண்ணெயா எடுத்துச்சு, அரை விரல் ஒசரம். அயோடின் தொட்ட துளிக்குழாயக் கழுவாம அந்த எண்ணெயிலயே விட்டுச் சோதிச்சுக்கிட்டிருந்தப்ப, அப்பாவுக்கு முடியலன்னு போன். புட்டிக்கு அரக்கு சீல் வச்சு, எடைய மேல எழுதி, கருப்புத் தாளச் சுத்தி வச்சுட்டு ஓடிச்சு. தாளு எதுக்குன்னு யாருகிட்டயும் சொல்லல.

நடுவுல ஆயுத பூசை. அண்ணாச்சி தராசு, அடுப்பு, புட்டி எல்லாம் தொடைச்சு, வீட்டு அரளியப் பறிச்சுட்டு வந்தாரு. அந்த அரளிய நட்டது அவரு சம்சாரம். நட்ட மறுவருசமே அவ போய்ச் சேந்துட்டா. அது பெரிய கதை, கெடக்கட்டும். மரகதம் புட்டியில தாளு அழுக்கா இருந்துச்சு.

"பிள்ளை பாடுபட்டது, இதுக்குப் பொட்டு வைக்காண்டாமா?"

தாளக் கழட்டி, சந்தனம் குங்குமம் வச்சு, சன்னலோரம் சாமி படத்துக்கு முன்னால வச்சாரு. பத்து நாள் நல்ல வெயிலு.

அப்பாவப் பறிகொடுத்துட்டு மரகதம் திரும்பி வந்தா, எண்ணெய் இருந்த எடத்துல வெள்ளை வெள்ளையாப் படிகம்.

"அண்ணாச்சி, என் சரக்க என்ன பண்ணினீக?"

"தாயி, நான்..."

அதுக்குள்ள லேப்புக்குப் பெரியவரு ஜெபமணி சார் பாஞ்சாரு. "எண்ணெய் நடந்தா போகும்? வேற எதையோ ரொப்பி வச்சிருக்கீரு."

அண்ணாச்சி சந்தனத்தத் தொடைச்சுட்டுப் புட்டியத் தராசுல வச்சாரு. "சீல் ஒடையல சார். எடையும் எழுதின எடைதான், பாருங்க."

சார் பாக்கல. "சாவிய வச்சுட்டுக் கெளம்பும்."

சோத்து வாளியக்கூட எடுக்காம எறங்கிப் போனாரு.

சீல் ஒடையல, எடை கொறையல, எண்ணெயும் இல்ல. சொல்லுங்க பாப்போம், எண்ணெய எடுத்தது யாரு? அண்ணாச்சி மேல குத்தம் உண்டா?

விடை: யாரும் எடுக்கல. எண்ணெயும் ஸ்டில்பீன்தான், படிகமும் அதேதான். அதுல ரெண்டு வளையம் உண்டு. ரெண்டும் ஒரே பக்கம் இருந்தா ஒண்ணையொண்ணு முட்டி வளைஞ்சு நிக்கும், நெருங்கி அடுக்க முடியாம எண்ணெயா ஓடும். எதிரெதிர்ப் பக்கம் போனா தட்டையா அடுக்கிப் படிகமாயிரும். திருப்பி விட்டது வெயிலும் அந்தத் துளி அயோடினும். வெளிச்சம் படாம இருக்கச் சுத்தின தாளக் கழட்டினது அண்ணாச்சி, வாஸ்தவம். குழாயக் கழுவாததும், ஒரு வார்த்தை சொல்லாததும் மரகதம். தராசப் பாக்காதது சாரு. பதினஞ்சு நாள் கழிச்சு நோட்டப் புரட்டினப்ப மரகதத்துக்கு வெளங்கிருச்சு. சோத்து வாளியத் தூக்கிட்டு அவரு வீட்டுக்கு ஓடிச்சு. வாசல்ல பந்தல். உள்ள அவரு படத்துக்கு அரளி மாலை போட்டிருந்துச்சு.