வில்லை இருக்கிறது, வாசல் இல்லை

வெகு காலத்துக்கு முன், கொன்றை நாட்டை மகுடவர்மன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் காதில் விழுந்த யோசனையை மதியத்துக்குள் சட்டமாக்கிவிடுவான்.

அரண்மனைச் செலவில் நடந்த பள்ளிகளை அமைச்சர் திருமேனியார் கவனித்துவந்தார். அவருக்கு ஊரில் இருந்த நல்ல பெயர், சந்தை அதிகாரி பெருநிதியின் கண்ணை உறுத்தியது.

ஒரு நாள் பெருநிதி சொன்னான்: "அரசே, நல்ல கத்தரிக்காய் வைத்திருக்கும் கடையில்தானே கூட்டம் சேர்கிறது? பள்ளிகளையும் சந்தை போலவே விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு ஒரு செப்பு வில்லை கொடுப்போம். பிடித்த பள்ளியில் அதைக் காசுபோலக் கொடுத்துச் சேரட்டும்; அதற்குரிய பணத்தை அரண்மனை பள்ளிக்குத் தரும். எல்லாப் பிள்ளைகளும் தேறுகிற பள்ளிக்கு, வாசலில் தொங்கவிடப் பொன்மணி பரிசு!"

"ஆகா!" என்றான் அரசன். அரண்மனைப் பள்ளிகள் அன்றே மூடப்பட்டன; தனியார் நடத்திய பள்ளிகள் மட்டும் மிஞ்சின.

மறு மாதம் உப்பு விற்கும் காளியம்மை, மகள் வடிவோடு சபைக்கு வந்தாள். வடிவுக்குப் பேச்சு திக்கும்.

"மகாராஜா, வில்லை இருக்கிறது, வாசல்தான் இல்லை. எந்தப் பள்ளிக்குப் போனாலும், 'முதலில் வாசித்துக் காட்டு, பிறகு சேர்க்கிறோம்' என்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தால் நான் ஏன் கூட்டிக்கொண்டு அலைகிறேன்?"

வடிவு வில்லையை இறுகப் பிடித்தபடி, "நா... நான் படிக்கணும்" என்றாள்.

பெருநிதி சிரித்தான். "இந்தப் பள்ளி இல்லாவிட்டால் வேறு பள்ளி! தேர்ந்தெடுக்க வேண்டியதுதானே?"

அரசனும் தலையாட்டினான். திருமேனியார் கைகுவித்தார். "அருமையான விதி அரசே! இதையே வைத்தியசாலைகளுக்கும் வைப்போமா? ஒருவரும் நோயோடு திரும்பாத வைத்தியசாலைக்குப் பொன்மணி."

"வைத்துவிட்டேன்!" என்றான் அரசன்.

சில நாளில் திருவிழா வந்தது. பெருநிதி ஒரு முழுப் பலாப்பழத்தைத் தனியாகவே தீர்த்தான். பொழுது சாய்வதற்குள் வயிறு முறுக்கிப் பிடித்தது. பல்லக்கில் வைத்தியசாலைக்கு விரைந்தான்.

வைத்தியர் வாசலிலேயே மறித்தார். "இந்த முற்றத்தை ஒரு சுற்று ஓடிக் காட்டுங்கள்."

"ஐயோ, ஓட முடிந்தால் இங்கே ஏன் வருகிறேன்?"

"அப்படியானால் சேர்க்க முடியாது. எங்களிடமிருந்து யாரும் நோயோடு திரும்பியதில்லை. நீங்கள் வந்து அந்தப் பெயரைக் கெடுக்காதீர்கள்."

அடுத்த வைத்தியசாலையில் கதவே திறக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சபையில் வந்து விழுந்தான் பெருநிதி.

"அரசே! நோயாளியைத் துரத்துகிறவன் ஒரு வைத்தியனா?"

"இந்த வைத்தியசாலை இல்லாவிட்டால் வேறு வைத்தியசாலை," என்றார் திருமேனியார். "தேர்ந்தெடுக்க வேண்டியதுதானே?"

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். திடீரென்று நிறுத்தினான். "அமைச்சரே, அந்த உப்புக்காரி கேட்டதும் இதைத்தானே?"

"இதையேதான் அரசே. கத்தரிக்காய் தன்னை யார் வாங்கலாம் என்று ஆள் பார்ப்பதில்லை. நம் பள்ளிகள் பார்க்கின்றன." பெருநிதியின் வயிற்றுவலி காதுக்கு எட்டியதுமே காய்ச்சி மறைத்து வைத்திருந்த ஓமக் கஷாயத்தை அவனிடம் நீட்டினார்.

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றித் திருமேனியாருக்கு அணிவித்தான். "அரண்மனைப் பள்ளிகளைத் திறவுங்கள். வில்லையும் இருக்கட்டும். ஆனால் வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பள்ளிக்கும், வந்த நோயாளியைத் துரத்தும் வைத்தியசாலைக்கும் மணி கிடையாது. பெருநிதி, வடிவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு வா!"

காளியம்மை தேர்ந்தெடுத்தது பொன்மணி வாங்கிய பள்ளியை. அங்கே வாத்தியார் வழக்கம்போல் வாசலில் நின்று கேட்டார்: "பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?"

கஷாய வாடையோடு பெருநிதி கத்தினான்: "தெரியாது ஐயா! அதற்குத்தானே வந்திருக்கிறாள், வழியை விடும்!"