மணிமுடிக் கஷாயம்

முன்னொரு காலத்தில், நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவே பட்டயங்களும் பட்டங்களும் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு ராஜ்யத்தை, தேவகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருடைய விருதுகளைக் கட்டியக்காரன் கூவி முடிப்பதற்குள் பாதிச் சபை கொட்டாவி விட்டுவிடும். அத்தனை விருது வாங்கியவருக்குத் தூக்கம் வரவில்லை, சோறு ருசிக்கவில்லை. ஒரு நாள் காலை, மனுக் கொடுக்க வந்தவர்களை நிற்கவைத்துவிட்டு விகடகவி குறும்பலாவைப் பார்த்துக் கேட்டார்.

"குறும்பலா, அந்தத் திபெத்து மாத்திரை உனக்கு ஞாபகம் இருக்கிறதா?"

இருந்தது. இருவரும் சிறுவர்களாக இருந்தபோது பெரிய ராஜா வடக்கே யாத்திரை போனார். இளவரசருக்கு விளையாட்டுத் துணையாக, சமையற்காரர் மகன் குறும்பலாவையும் அழைத்துக்கொண்டார். பனிமலைக்கு அப்பால் இளவரசருக்குக் கடும் காய்ச்சல். ஆம்ச்சி என்று அந்த ஊரார் அழைக்கும் வைத்தியர் வந்தார். பட்டில் சுற்றி, ஐந்து நிற நூலால் கட்டி, அரக்கு வைத்த ஒரு மாத்திரையைக் கொடுத்தார். பவழமும் முத்தும் வானநிறக் கல்லும் பொடியாகி மூலிகையோடு சேர்ந்த மாத்திரை. வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடுமாம். திரை போட்ட அறையில், இருட்டிலேயே வெந்நீரில் கரைத்துக் குடிக்க வைத்தார்கள்.

"கண் விழித்தபோது காய்ச்சல் இல்லை. உலகமே கழுவி வைத்தாற்போல் இருந்தது," என்றார் ராஜா. "அந்த ஊர் உப்புத் தேநீர்கூட இனித்தது. அதற்கப்புறம் அப்படி ஒரு காலை எனக்கு வரவேயில்லை. எனக்கு அந்த மாத்திரை வேண்டும்."

ராஜவைத்தியர் சஞ்சீவி பண்டிதர் எழுந்தார். ராஜா தம்மைக் கேட்காமல் விகடகவியைக் கேட்டதில் அவருக்கு ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"பிரபு, மலையில் குளிர்காய்கிறவனிடம் என்ன கல் இருந்திருக்கும்? மிளகளவு மாத்திரையில் கடுகளவு பவழம். சக்கரவர்த்திக்கு அதுவா மருந்து? நம் பொக்கிஷத்து ரத்தினங்களைப் படிக்கணக்கில் இடித்துத் தருகிறேன்."

"இடிக்கிறதற்கு முன்னால் ஆம்ச்சி கல்லை ஊறவைத்தார், பண்டிதரே," என்றார் குறும்பலா. "வேகவைத்தார், தண்ணீரைக் கொட்டினார், மறுபடி வேகவைத்தார். நாங்கள் தங்கியிருந்த குளிர்காலம் பூராவும் அதே வேலை. கல்லில் இருக்கிற நஞ்சு கழிய வேண்டுமாம்."

"ராஜரத்தினத்தில் நஞ்சா? அப்படிச் சொல்வதே ராஜத்துரோகம்."

சுத்தி செய்யாத கல்லை இடித்து விழுங்கினால் குடல் தாங்காது என்று குறும்பலாவுக்குத் தெரியும். ஆனால் படிக்கணக்கு என்ற சொல்லிலேயே ராஜாவின் கண்கள் விரிந்துவிட்டன.

"இருவரும் மருந்து செய்யுங்கள்," என்றார். "அரண்மனைக் கல்லால் மட்டும். எவன் மருந்தில் உயர்ந்த கல் இருக்கிறதோ, அதை நாளை குடிப்பேன். தோற்றவன் நாட்டை விட்டுப் போகவேண்டும்."

"அரண்மனையில் எந்தக் கல்லை வேண்டுமானாலும் எடுக்கலாமா, பிரபு?" என்று கேட்டார் குறும்பலா.

"எந்தக் கல்லையும். ஒருவரும் மறுக்கக்கூடாது."

பொக்கிஷதார் திருமலைராயர் பண்டிதரின் சம்பந்தி. குறும்பலா போய்ச் சேர்ந்தபோது பெட்டிகள் எல்லாம் வாயைப் பிளந்து காலியாகக் கிடந்தன.

"சம்பந்தி வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார், அப்பனே. கொல்லையில் அம்மிக்கல் இருக்கிறது, தரட்டுமா?"

"அதை உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்," என்று சொல்லிவிட்டு, குறும்பலா ராஜாவின் அலங்கார அறைக்குப் போனார்.

மறுநாள் சபையில் திரைகள் இழுத்துவிடப்பட்டன. மருந்து குடிக்கும் நாளில் தலையில் பாரம் கூடாது என்று பண்டிதரே சொல்லியிருந்ததால், ராஜா வெறும் தலைப்பாகையோடு வந்தார். பண்டிதர் கையில் பொடி நிரம்பிய பொற்கிண்ணம். குறும்பலா கொண்டுவந்தது கஞ்சிப்பானை. வாயில் பட்டு, ஐந்து நிற நூல், அரக்கு.

"மாத்திரையா, பொங்கலா?" என்று இருட்டில் பண்டிதரின் குரல் கேட்டது.

குறும்பலா நூலை அவிழ்த்தார். ஆவி எழுந்தது.

"இது தாழம்பூத் தைலம்," என்றார் ராஜா மெதுவாக. "அப்பா தலைக்குத் தேய்ப்பது." பிறகு, பானைப் பக்கம் குனிந்து மறுபடி முகர்ந்து, "அந்த அறையில் மருந்து ஊட்டியது ஆம்ச்சி இல்லை, அப்பா. நான் துப்பிவிடக்கூடாது என்று முதல் வாயைத் தாமே குடித்தார். விழித்தபோது அவர் மடியில் கிடந்தேன். இதை எப்படி மறந்தேன்?"

குறும்பலா திரையை விலக்கினார். கறுத்த தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது ராஜ்யத்தின் மணிமுடி.

திருமலைராயர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த வம்சத்தில் முடியைப் பட்டால் மேலாகத் துடைப்பதோடு சரி. நனைந்தால் ராஜ்யம் மூழ்கும் என்று ஐதீகம். "பிரபு, பரம்பரை முடியை வேகவைத்துவிட்டான்."

"இதைவிட உயர்ந்த கல் அரண்மனையில் உண்டா, ஐயா? ஆணைப்படி எடுத்தேன்," என்றார் குறும்பலா. "இது முதல் தண்ணீர்தான், பிரபு. மேலே மிதக்கிறது உங்கள் தகப்பனார். நடுவில் தாத்தா. அடியில் கறுப்பாகத் தங்கியிருக்கிறது கொள்ளுத்தாத்தாவாக இருக்கும். இது போகத்தான் ஆம்ச்சி குளிர்காலம் பூராவும் அடுப்படியில் உட்கார்ந்தார். நஞ்சு இதற்கும் அப்புறம். பண்டிதர் கிண்ணத்தில் எல்லோரும் உள்ளேயே இருக்கிறார்கள்."

ராஜா கிண்ணத்தைப் பார்த்தார், பண்டிதரைப் பார்த்தார். "முதல் வாயை நீரே குடியும், பண்டிதரே."

"அடியேனுக்கு இன்று ஏகாதசி, பிரபு."

"அது போன வாரமே போயிற்று," என்றான் சாமரம் வீசுகிறவன், தன்னை மறந்து.

ராஜா சிரித்தார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுகிறவரைக்கும், கண்ணில் நீர் வழிகிறவரைக்கும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தம் பொன்னாடையை எடுத்துக் குறும்பலாவுக்குப் போர்த்தி, ஒரு பல்லக்கும் கொடுத்தார்.

"வடக்கே போய் ஒரு ஆம்ச்சியை மரியாதையாக அழைத்து வா. தோற்றவர் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்பது ஆணை. பண்டிதர் உன் பல்லக்கைத் தூக்கட்டும். சம்பந்தி மறுபக்கம் தோள் கொடுப்பார்."

சபை கலைந்தது. பானையைக் கழுவ எடுத்த வேலைக்காரனை ராஜா கைகாட்டி நிறுத்தினார்.

"முடியை மட்டும் எடுத்துக்கொள். தண்ணீரைக் கொட்டாதே. பானை வாயைப் பட்டால் கட்டி என் அறையில் வை."