காலிக் கட்டத்துக்கு ஒரு பதில்

"என் வரியில ஒரு தப்பும் இல்ல மேடம். ஆனா ஒரு மனுஷன் செத்துட்டாரு."

வேலாயுதத்துக்கு நாற்பத்தொன்பது வயது. மருந்துக் கம்பெனி பையைத் தூக்கிக்கொண்டு அலைந்து களைத்து, கணினி நிரல் எழுத வந்தவர். கற்றுக்கொடுத்த மரியபுஷ்பத்துக்கு முப்பத்திரண்டு. குரு, சிஷ்யன் என்றெல்லாம் இருவரும் சொல்லிக்கொண்டதில்லை.

"எந்த வரி?"

அவர் லேப்டாப்பைத் திருப்பினார்.

ஓர் ஆஸ்பத்திரியின் சேர்க்கைப் படிவம். அதில் ஒரு கட்டம்: 'ஒத்துக்கொள்ளாத மருந்து'. அதைக் காலியாக விட்டால் சிவப்பெழுத்தில் பிழை காட்டி, பக்கம் நின்றுவிடும். வரவேற்பில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

வேலாயுதம் ஒரே வரியில் சரிசெய்தார். பதில் வந்திருக்கிறதா? வந்திருந்தால் அதை வை. வராவிட்டால் 'இல்லை' என்று வை.

ஐந்து வரியை இப்படி ஒரு வரியாகச் சுருக்கச் சொல்லிக்கொடுத்தவள் புஷ்பம்தான். அன்றைக்கு சபாஷ் என்றும் சொல்லியிருந்தாள்.

"ஆக்சிடென்ட் கேஸ் மேடம். நினைவில்லாம கொண்டு வந்திருக்காங்க. கூட யாருமில்ல. யாரைக் கேக்குறது? கட்டத்தை அப்படியே விட்டுட்டாங்க. டாக்டர் ஸ்க்ரீன்ல பாத்தா 'இல்லை'ன்னு இருக்கு. ஊசி போட்டுட்டாரு."

"அப்புறம்?"

"அந்த ஊசி அவருக்கு ஆகவே ஆகாதாம்."

மருந்தை நம்பியே இருபது வருஷம் பிழைத்த மனுஷன். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நேத்து அவர் வீட்டுக்குப் போனேன். சம்சாரம் மட்டும் இருந்தாங்க. நான்தான் அந்த வரிய எழுதினவன், என்னை மன்னிச்சிருங்கம்மான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. சுவரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அரை மணி நேரம் நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."

புஷ்பம் ஒரு தாளை எடுத்தாள். ஒரு சொல் எழுதி அவர் பக்கம் நகர்த்தினாள்.

'மன்னித்துவிட்டார்.'

"என்ன மேடம் இது?"

"மௌனம் சம்மதம்னு சொல்லுவாங்கல்ல. வச்சுக்கோங்க. இன்னிக்காவது தூங்குங்க."

வேலாயுதத்தின் கை தாள்வரை போயிற்று. ஒன்பது நாளாகக் கண்மூடாதவர். அந்த ஒரு சொல்லுக்காக என்ன கேட்டாலும் கொடுத்திருப்பார்.

கையை இழுத்துக்கொண்டார்.

"அதெப்படி மேடம்? அவங்க வாயே திறக்கலையே!"

புஷ்பத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அவங்க வீட்டுக்காரரும்தான் திறக்கல, அண்ணே."