புற்றுக்குக் கரடி காவல்

மருதங்காட்டின் நடுவில் ஒரு பொட்டல் இருந்தது. எல்லோருக்கும் பொதுவான நிலம். பொதுவாக இருந்ததாலோ என்னவோ, ஒருத்தருக்கும் உதவாத நிலம். மண் கல்லாக இறுகிக் கிடந்தது. மழை பெய்தால் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அத்தனையும் செங்குழம்பாக ஓடிப்போய்க் குளத்தைத் தூர்க்கும். புல்கூட அங்கே முளைக்க யோசித்தது.

ஒரு மழைக்கு மறுநாள் காலையில் மிருகங்கள் எல்லாம் மருதமரத்தடியில் கூடின. அந்தப் பொட்டலைக் குத்தகைக்குக் கேட்டு யாரோ வந்திருப்பதாகச் சேதி. யாரடா அந்தப் புண்ணியவான் என்று ஆளாளுக்குக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒருத்தரும் கண்ணில் படவில்லை.

"கொஞ்சம் கீழே பாருங்க," என்றது ஒரு சின்னக் குரல்.

கீழே இரண்டு கறையான்கள் நின்றன. முந்தின நாள் ஈசலாகப் பறந்து, இறகை உதிர்த்துவிட்டு இறங்கியவை. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. அவ்வளவுதான்.

முன்வரிசையில் கருப்பாயி என்ற இளங்கரடி உட்கார்ந்திருந்தாள். கறையான் என்றால் கரடிக்கு உயிர். ஆனால் இந்த இரண்டும் அவள் நாக்கில் ஒட்டக்கூடக் காணாது. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

காட்டுக்குப் பெரியவள் ஒரு யானை. பெரியாத்தா என்று கூப்பிடுவார்கள். அவள் தும்பிக்கையைத் தாழ்த்திக் கேட்டாள்: "பொது நிலத்துல தொழில் பண்ணினா விளையறதுல பாதி எல்லாருக்கும் கொடுக்கணும். அதுதான் இங்கே குத்தகை. சம்மதமா?"

"ரெண்டு பேர்ல பாதி கொடுத்தா ஒருத்தர்தான் மிஞ்சுவோம் ஆத்தா," என்றது பெண் கறையான். "எங்க புற்று எழுந்து மூச்சு விடுற வரைக்கும் எங்ககிட்ட எதுவும் கேட்காதீங்க. யாரும் கிளறவும் வேண்டாம். அப்புறம் ஒரு மழையில எங்க பிள்ளைங்க பறப்பாங்க. ஆயிரத்துல ஒரு சோடி மண்ணுல இறங்கினா எங்களுக்குப் போதும். மிச்சமெல்லாம் உங்களுக்கு."

மூக்கன் என்ற காட்டுப்பன்றி உருண்டு உருண்டு சிரித்தான். "இதுங்க ரெண்டும் காட்டுக்கே சோறு போடப் போகுதாம்! கேட்டீங்களா கூத்தை!"

பெரியாத்தா சிரிக்கவில்லை. "சும்மா கிடக்கிற நிலம். கொடுத்துத்தான் பார்ப்போமே," என்றாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். "காவலுக்குக் கருப்பாயி."

கூட்டம் 'ஆ' என்றது. அந்தக் காட்டில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. சலுகை கொடுத்த பொருளைத் தின்ன யாருக்கு அதிக ஆசையோ, அவரையே அதற்குக் காவல் போடுவார்கள். அவரே வாயைக் கட்டிக்கொண்டால் அப்புறம் கை வைக்க எவன் துணிவான் என்பது அவர்கள் நியாயம்.

"பூனையைப் பாலுக்குக் காவல் வச்ச கதைதான்," என்று மூக்கன் முணுமுணுத்தான்.

கருப்பாயிக்குச் சுருக்கென்றது. "இந்த ரெண்டுக்கு நான் காவலா? சரி, இருக்கேன்," என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். வாய் கொடுத்தது எத்தனை பெரிய வம்பு என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

முதல் வருஷம் பொட்டலில் ஒன்றுமே இல்லை. அவள் போய் வெறுந்தரையைக் காவல் காத்துவிட்டு வந்தாள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். அடுத்த வருஷம் அவள் கை அளவுக்கு ஒரு மண்கட்டி தெரிந்தது. அதற்கடுத்த மழைக்கு அது அவள் தோள் உயரம் வந்தது. பிறகு ஒரு நாள், பின்னங்காலில் எழுந்து நின்று பார்த்தாள். புற்று அவள் தலைக்கு மேலே போயிருந்தது.

எத்தனை கோபுரம்! எத்தனை மடிப்பு! ஒரு ஆள்கூட வெளியே நின்று வேலை செய்து அவள் பார்த்ததில்லை. கூவல் இல்லை, கூச்சல் இல்லை. இறுகிப்போன அந்த மண்ணையே எச்சிலால் குழைத்து, உள்ளேயிருந்தே இத்தனையையும் எழுப்பியிருந்தார்கள். நாக்கில் ஒட்டக் காணாத இரண்டு பேரா இதை ஆரம்பித்தார்கள் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. கடனே என்று காவல் போனவள், இப்போது தினமும் ஒரு தடவை அதைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராமல் கிடந்தாள்.

மற்றவர்களுக்கு அந்த மலைப்பெல்லாம் இல்லை. "மண்ணைக் கொடுத்தோம், மண்ணை வாங்கினோம்," என்று மூக்கன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பெரியாத்தாவுக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

அப்புறம் வந்தது அந்தப் பொல்லாத வருஷம். மழை பொய்த்தது. குளம் வற்றி வெடித்தது. இலந்தை காய்க்கவில்லை, அத்தி உதிர்ந்துவிட்டது. தேனீக்கள் எங்கேயோ போய்விட்டன. கருப்பாயிக்கு அப்போது முதுகில் ஒரு குட்டி. முதல் குட்டி. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல மெலிந்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் ரோமத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

நல்ல உச்சி வெயிலில் மூக்கன் அவளைத் தேடி வந்தான். "அக்கா, ஒரு சோலியா வந்தேன். அந்தப் புற்றுக்குள்ள எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறே?"

அவள் குட்டியை முதுகிலிருந்து இறக்கி நக்கிக் கொடுத்தாள்.

"இத்தனை வருஷமா ஒரு வாய் கொடுத்திருக்காங்களா நமக்கு? நீ ஒரு கீறு கீறு. மிச்சத்தை நான் தோண்டுறேன். காவலே நீதான். உன்னை யார் கேட்கப் போறா? பிள்ளை முகத்தைப் பாரு."

பிள்ளை முகத்தைப் பார்த்துத்தான் அவள் எழுந்தாள். புற்றை நோக்கி நடந்தாள். கால் நடந்தது, மனசு பின்னால் இழுத்தது. ஒரு தாய் வேறு என்னதான் செய்வாள்? புற்றின் அடியில் நின்று, நகத்தை வைத்து ஒரு கீறு கீறினாள்.

மண் உதிர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு மூச்சு வந்து அவள் மூக்கில் பட்டது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். காடு முழுக்க நெருப்பாகக் காய்கிறது, இதற்குள்ளே ஈரமா? மழை மண்ணின் வாசம். காளானின் வாசம். புற்று நிஜமாகவே மூச்சு விட்டது. வெளியே விட்டு, உள்ளே இழுத்து, மறுபடி விட்டது. மெதுவாகக் காதை வைத்துக் கேட்டாள். லட்சம் லட்சமாகக் குட்டிக் கால்கள் ஓடும் சத்தம். எங்கேயோ தூரத்தில் மழை பெய்வது போல இருந்தது. அவள் உடம்பு முழுக்கச் சிலிர்த்துப்போனது.

கீறின இடத்தில், பெரிய தலையோடு ஒரு காவல் கறையான் எட்டிப் பார்த்தது. அவளைப் பார்த்து அது பயப்படவில்லை.

"மழை வந்துடுச்சாம்மா?" என்று கேட்டது.

"என்ன?"

"பிள்ளைங்க எல்லாம் இறகு முளைச்சு வாசல்ல காத்துக்கிட்டு நிக்குது. தட்டுற சத்தம் கேட்டுச்சு. மழைதானோன்னு பார்க்க வந்தேன்."

கருப்பாயி இன்னும் குனிந்தாள். "உங்க ஆத்தா இருக்காளா?"

"அடியில இருக்கா. உங்களைப் பத்தித்தான் சொல்லுவா. மேலே ஒருத்தி தின்னாம நிக்கிறா, அதனாலதான் நாம இத்தனை பேரும் இருக்கோம்னு."

நகத்தை மெல்ல உள்ளுக்கு மடக்கிக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது. "இல்லடா கண்ணு. இன்னும் வரல. வந்தா நானே வந்து சொல்றேன். நீ போய் வாசலை அடை," என்றாள். உதிர்ந்த மண்ணைக் கையால் அள்ளி, கீறலோடு சேர்த்து அணைத்து வைத்தாள்.

பின்னால் நின்ற மூக்கனுக்குப் பொறுக்கவில்லை. "பைத்தியமா உனக்கு? பசி வந்தா பத்தும் பறந்து போகும்பாங்க!"

"பறந்துச்சுப்பா. ஒன்பது பறந்துடுச்சு. ஒண்ணு மட்டும் போகாம உட்கார்ந்திருக்கு," என்றாள் கருப்பாயி. "நீ எட்டிப் போ. கிட்ட வந்தா அப்புறம் நான் பொறுப்பில்லை."

அவள் பார்த்த பார்வையில் மூக்கன் வந்த வழியே போனான்.

அதன் பிறகு அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. குட்டியைச் சுமந்துகொண்டு எட்டாத மலைக்கெல்லாம் போனாள். காய்ந்த கிழங்கைத் தோண்டினாள். கொன்றைக்காயை உடைத்து ஊட்டினாள். அரை வயிறு, கால் வயிறு. எப்படியோ அந்தக் குட்டியின் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். பொழுது சாய்ந்தால் இரண்டு பேரும் புற்றடியில் வந்து படுப்பார்கள். அந்த மூச்சு அவர்கள் மேல் பட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு சாயங்காலம், மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளி கருப்பாயியின் மூக்கில் விழுந்தது. அவள் துள்ளி எழுந்து புற்றைத் தட்டினாள்.

"வந்துடுச்சு! கண்ணுங்களா, மழை வந்துடுச்சு!"

மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்தது. முதலில் ஒரு ஈசல் வந்தது. பிறகு பத்து வந்தது. பிறகு உலைப்பானை பொங்குவது போல அத்தனை வாசலிலும் பொங்கிக்கொண்டு வந்தது. வானம் தெரியவில்லை. காடு முழுக்க ஒரே இறகுச் சத்தம். கரிச்சான்கள் வந்தன, கௌதாரிகள் வந்தன, கீரிகள் வந்தன, தவளைகள் வந்தன. பட்டினி கிடந்த வாய்கள் எல்லாம் வந்தன. தின்னத் தின்ன வந்துகொண்டே இருந்தது. குட்டி இரண்டு கையாலும் அள்ளித் தின்றது. கருப்பாயி மட்டும் தின்ன மறந்து, வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து நின்றாள். அந்த இரண்டு பேரை நினைத்தாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

பெரியாத்தா பார்த்தது வேறொன்று. "தண்ணி எங்கே?" என்றாள். அத்தனை மழையில் ஒரு சொட்டுகூடச் செங்குழம்பாக ஓடவில்லை. கறையான்கள் துளைத்த வழியெல்லாம் இறங்கி, அந்தக் கல்லு மண் மழையைக் குடித்துவிட்டிருந்தது. குளத்தில் பெய்த தண்ணீர் தெளிவாக நின்றது. பெரியாத்தா அதில் தும்பிக்கையை விட்டு ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தாள். சில நாளில் புற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான் வெடித்தது. அதன் பின்னாலேயே புல் வந்தது. யாரும் பேசாத, கேட்காத குத்தகை அது.

அதற்கெல்லாம் முன்பே, மழைக்கு மறுநாள் காலையில், மருதமரத்தடியில் கூட்டம் கூடியிருந்தது. கீழே சோடி சோடியாக வரிசையில் நின்றன, இறகுதிர்த்த கறையான்கள். காட்டில் இருக்கிற பொட்டலெல்லாம் வேண்டுமாம். அதே சலுகைக் குத்தகைக்குத்தான்.

"நான் அன்னைக்கே சொன்னேன், இதுங்க நல்லா வரும்னு," என்றான் மூக்கன். வாய் நிறைய ஈசல். மூக்கு நுனியில் ஒரு இறகு ஒட்டியிருந்தது.

பெரியாத்தா அவனையே பார்த்தாள். "கிழக்குப் பொட்டலுக்கு மூக்கன் காவல்."

"நானா?"

"உனக்குத்தானே நாக்கு ஊறுது."

மூக்கன் குனிந்தான். அவன் குளம்புக்குப் பக்கத்தில் இரண்டே இரண்டு பேர் நின்று அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கருப்பாயியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான். மிதித்துவிடாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றான்.

தொழில் வளர இடத்தை மலிவாகக் கொடுப்பது பாதிக் கொடைதான்; அது வளர்கிற வரை கை வைக்காமல் காத்திருப்பதே மீதிப் பாதி.