பேயை விடாத ராஜா

முன்னொரு காலத்திலே, மரங்களுக்குக் காதும் பேய்களுக்குக் கொஞ்சம் வெட்கமும் இருந்த காலத்திலே, அல்லிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் பெயர் மகுடராயன்.

மகுடராயனைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். யாரையும் அடிக்கமாட்டான், வையமாட்டான். ஆனால் ஒரு பொருள் அவனிடம் வந்து சேர்ந்துவிட்டால் அவ்வளவுதான், திரும்பிப் போகாது. யாராவது குடையை மறந்து வைத்துவிட்டுப் போவார்கள். “வந்தது எனக்கு, விடமாட்டேன்” என்பான். ஓர் ஆடு வழி தெரியாமல் அரண்மனைக்குள் நுழையும். “வந்தது எனக்கு, விடமாட்டேன்” என்பான். பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் பாவம், நல்லெண்ணத்தோடு வந்தார். ஒன்பது வருடமாக அரண்மனைச் சமையல்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்.

எல்லாவற்றையும் பூட்டி, சாவிக்கொத்துகளை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்திருப்பான் ராஜா. தூங்கும்போதும் பிடி தளராது. சாப்பாடு வேண்டுமென்றால் ராணி செண்பகவடிவுதான் ஊட்டிவிட வேண்டும்.

ஒரு வருடம் பெருமழை பெய்தது. ஏரி தளும்பி அரண்மனை மதிலைத் தொட்டது. ராஜா மாடியிலிருந்து பார்த்தான். “வந்தது எனக்கு, விடமாட்டேன்!” மறுநாள் காலையில் ஏரியின் மதகுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது.

மழை நின்று வெயில் ஏறியது. ஏரிக்குக் கீழே அரியநாச்சி என்ற பெண்ணின் நாற்றங்கால் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அந்த நாற்றுதான் ஊர் முழுவதற்கும் நடவுக்கு. இன்னும் மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால் ஊரே பட்டினி. ராஜாவிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். கெஞ்சப் போனவளின் செருப்பையும் ராஜா வைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

அரியநாச்சி சும்மா இருக்கிற ஆள் இல்லை. பேய் ஓட்டுகிற கோடாங்கி அவள். அவள் உடுக்கையை அடித்துக் கேட்டால் பேயானாலும் மனிதரானாலும் உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும். அவளுக்குத் தெரிந்த பேய் ஒன்று வரப்போரத்து இலுப்பை மரத்தில் இருந்தது. உச்சந்தலையில் ஒரே ஒரு கொண்டை, அதனால் பெயரும் ஒற்றைக்கொண்டை.

“ஏ கொண்டை, இத்தனை வருசமா உன்னை ஆள்மேல ஏறாதேன்னு விரட்டினேன். இன்னைக்கு நானே சொல்றேன், போய் ராசாமேல ஏறு. ‘மதகைத் திற’ன்னு அவர் வாயாலே ஒரே ஒரு தடவை சொல்ல வெச்சிட்டு இறங்கி வந்துடு.”

“இவ்வளவுதானே தாயி? வெத்தலை போடுற நேரத்துல வந்துடறேன்” என்றது பேய்.

வெற்றிலை போடும் நேரம் போயிற்று. ஒரு பகல் போயிற்று. பேய் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. அரண்மனையில் ராஜா ஒரு குரலில் சிரிக்கிறார், இன்னொரு குரலில் அழுகிறார் என்ற பேச்சுதான் வந்தது.

ராணி பெரிய பெரிய மந்திரவாதிகளை அழைத்தாள். முதல் மந்திரவாதி வேப்பிலையோடு வந்தார். ராஜா ஆளை விட்டு வேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டான். இரண்டாமவர் வெள்ளிப்பூண் போட்ட பிரம்போடு வந்தார். பிரம்பு போயிற்று. மூன்றாமவர் திருநீற்றுப் பையோடு வந்தார். பையும் போயிற்று, அவர் இப்போது தூதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார்.

மூன்றாம் நாள் காலையில் அரியநாச்சிக்கு ஆள் வந்தது. அவள் உடுக்கையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். டுடும் டுடும் என்று அடித்து, வழக்கமாகப் பேயிடம் கேட்கிற கேள்விகளைக் கேட்டாள்.

“யாரு நீ? உனக்கு என்ன வேணும்? எப்போ போவே?”

ராஜாவின் வாயிலிருந்து பேய் அலறியது. “நாச்சி, நான்தான்! முந்தாநாளே கிளம்பிட்டேன் தாயி! வெளிய வரப் பார்த்தா உள்ளேயே கொண்டையைப் பிடிச்சு இழுக்கிறான்! வாயைக்கூட எனக்குப் பாதிதான் தர்றான். எப்படியாவது என்னைக் காப்பாத்து!”

உடனே அதே வாயிலிருந்து ராஜா சொன்னான்: “வந்தது எனக்கு, விடமாட்டேன்.”

பேய் பிடித்த மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மனிதர் பிடித்த பேயைப் பார்த்திருக்கிறீர்களா? அரியநாச்சியும் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாவம், தான் அனுப்பிய பேயாயிற்றே என்று வருத்தமாகவும் இருந்தது. யாரை ஓட்ட வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ராஜாவின் முகத்துக்கு நேரே உடுக்கையைத் திருப்பினாள்.

“மகாராசா, இப்போ உங்களைக் கேட்கிறேன். யாரு நீங்க?”

“மகுடராயன். இதெல்லாம் என்னுது.”

டுடும் டுடும். “உங்களுக்கு என்ன வேணும்?”

 பிறந்ததிலிருந்து யாரும் ராஜாவை இப்படிக் கேட்டதில்லை. 

“ஏரியில குதிக்கணும்” என்றான் ராஜா மெல்ல. “ஓடிவந்து, தொபுக்கடீர்னு.”

“குதிக்க வேண்டியதுதானே?”

“ரெண்டு கையிலயும் சாவி இருக்கே தாயி. நீந்துறது எப்படி?”

“என்கிட்ட குடுங்க.”

“குடுத்தா எல்லாம் போயிடுமே!”

அரியநாச்சி பொய் சொல்லவில்லை. “போகும் மகாராசா. தண்ணி வயலுக்குப் போகும். வெங்காயம் உரிக்கிறவர் ஊருக்குப் போவார். இந்தப் பேய் மரத்துக்குப் போகும். நீங்க ஏரிக்குப் போவீங்க.”

ராஜா ஜன்னல் வழியே பார்த்தான். உச்சி வெயிலில் ஏரி பளபளவென்று கிடந்தது. பிறகு அவன் ஓட ஆரம்பித்தான். அரண்மனையே பின்னால் ஓடியது. கரைக்கு வந்ததும் நின்றான். ஒரு கையை விரித்தான். அவ்வளவு வருடம் மடங்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மற்றக் கையையும் விரித்தான்.

விரல் விரிந்ததுதான் தாமதம், ஒற்றைக்கொண்டை விருட்டென்று வெளியே பறந்தது. “அப்பாடா! இனிமே ஒருத்தர்மேலயும் ஏறமாட்டேன்டி நாச்சி, சத்தியம்!” போனதற்கு அடையாளமாக இலுப்பைக் கிளை ஒன்று படீரென்று முறிந்து விழுந்தது.

ராஜா தொபுக்கடீரென்று குதித்தான். அரியநாச்சி சாவியோடு மதகுக்கு ஓடினாள். பூட்டுத் திறந்தது, தண்ணீர் குபுகுபுவென்று நாற்றங்காலுக்குப் பாய்ந்தது. அதைப் பார்த்து அவள் அழுதேவிட்டாள். எல்லாப் பூட்டுகளும் திறந்தன. தூதர் வெங்காயக் கையோடு “ஊருக்குப் போறேன்! ஊருக்குப் போறேன்!” என்று ஆடினார். அரியநாச்சிக்குச் செருப்போடு பத்துக் காணி நஞ்சையும் கிடைத்தது.

மந்திரி மட்டும் ஓலையும் எழுத்தாணியுமாகக் கரையில் பரபரத்தார். “மகாராஜா! ஏரி இனிமேல் யாருக்குச் சொந்தம் என்று எழுதட்டும்?”

ராஜா தண்ணீரைத் துப்பிவிட்டுக் கத்தினான்: “முதல்ல குதியுமய்யா! அப்புறம் எழுதிக்கலாம்!”

மந்திரி குதித்தார். ராணி குதித்தாள். ஊரே குதித்தது. அவர்களில் ஒருவர்கூட இன்னும் கரையேறி வந்து அந்த ஓலையை எழுதவில்லை.