எருமைக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

காதைக் கொடுத்தால் மட்டும் போதாது, கண்ணையும் கொடுங்கள். இந்த வழக்கில் கண்ணுக்குத்தான் வேலை அதிகம்.

திருப்பூரில் தாட்சாயணி என்றொரு பெண். வீட்டிலேயே டி-ஷர்ட்டில் படம் போடுவாள். பழைய எக்ஸ்ரே பிலிமில் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை பிலிமைத் துணிமேல் வைத்து, ஸ்பாஞ்சால் சாயத்தை ஒற்றுவாள். செய்ததை ஊருக்குக் காட்ட இணையத்தில் இடம் தேடினாள். ஒரு தளம் பளபளவென்று இருந்தது. ஆனால் நாம் ஏற்றுகிற படம் அவர்களுக்கும் சொந்தம் என்று விதிகளில் ஒரு வரி. "எம்பட எருமைய அவிங்களுக்கு எதுக்குத் தாரை வாக்கோணும்?" என்று அதை மூடினாள். கடைசியில் ஓர் இலவச வலைப்பூ தொடங்கினாள். பார்க்கச் சுமார்தான். ஆனால் அதில் எல்லாம் நம் இஷ்டம்: எழுத்து, நிறம், பதிவின் தேதிகூட.

முதலில் போட்டது எருமைப் படம். வெள்ளை டி-ஷர்ட்டில், நடுரோட்டில் படுத்திருக்கும் கறுப்பு எருமை. கீழே 'நகர மாட்டேன்'. அதன் வெள்ளைக் கண்ணிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நெற்றியைக் கடந்து தலைக்கு வெளியே போகும். எப்படிச் செய்தாள் என்பதை அவள் இன்னும் எழுதவில்லை.

பின்னலாடைக் கண்காட்சியில் வீட்டுத் தயாரிப்புக்கென்று ஒரே ஒரு ஸ்டால். அதைக் கேட்டு அவளும் போனாள், அவளோடு ஆடை வடிவமைப்புப் படித்த நவநீதனும் போனான். அவன் ஓவியத்தில் கெட்டிக்காரன். அவன் கொண்டுவந்த டி-ஷர்ட்டிலும் அதே எருமை, அதே கோடு. அவன் வலைப்பூவும் அவளுடையது இருந்த அதே இலவசத் தளத்தில்தான். அதிலிருந்த தேதியோ அவளுடையதற்கு ஒரு மாதம் முந்தியது. ஸ்டால் போனால் போகட்டும், திருடி என்ற பெயரும் அல்லவா வந்து ஒட்டிக்கொள்ளும்.

தேர்வு செய்ய உட்கார்ந்திருந்த ஜமீலா இருவரையும் விசாரித்தார்.

"நேராத் துணியில பிரஷ்ஷாலயே வரைஞ்சதுங்க. வெட்டறது ஒட்டறதெல்லாம் நமக்குப் பழக்கமில்லீங்க" என்றான் நவநீதன்.

சண்டை எதற்கு, ஆளுக்குப் பாதி ஸ்டால் கொடுத்துவிடலாம் என்றார் பக்கத்திலிருந்தவர். தாட்சாயணிக்குச் சுர்ரென்று ஏறியது.

"பாதி வேண்டாமுங்க. குடுத்தா முழுசாக் குடுங்க. இல்லீன்னா திருடின்னு எழுதி வாசல்லயே ஒட்டிப்போடுங்க. நானும் நின்னு படிச்சுட்டுப் போறேன்."

ஜமீலா இரண்டு எருமைகளையும் உற்றுப் பார்த்தார். நவநீதனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவன் தன் டி-ஷர்ட்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான்.

தேதியும் கைத்திறமையும் அவன் பக்கம் இருக்க, எருமை யாருடையது? ஜமீலா கேட்ட கேள்விதான் என்ன?

விடை: எருமை தாட்சாயணியுடையது. "இந்தக் கோடு எதுக்கு தம்பி?" என்பதே கேள்வி. பிலிமில் எருமையை வெட்டி எடுத்தால் கண் தனித்துண்டாகி விழுந்துவிடும். விழாமல் பிடித்துக்கொள்ள அவள் விட்டுவைத்த இழைதான் அது. பிரஷ்ஷால் வரைபவனுக்கு அது தேவையே இல்லை. ஈயடிச்சான் காப்பி அடித்தவன் ஈயையும் சேர்த்தே அடித்துவிட்டான். அந்த வலைப்பூவில் பதிவின் தேதியை யார் வேண்டுமானாலும் முந்தியதாக மாற்றிக்கொள்ளலாம். ஸ்டாலை வாங்கிக்கொண்ட தாட்சாயணி, வெட்டிய பிலிமையே படம் பிடித்து வலைப்பூவில் போட்டாள். கீழே எழுதினாள்: "ஆரு வேணும்னாலும் வெட்டிக்குங்க, சும்மாவே தாறேன். நாந்தான் வரைஞ்சேன்னு மட்டும் எவனாச்சும் சொன்னா, அவனூட்டு வாசல்ல வந்து படுத்துக்குவேன்."